மழைக் கணக்கும் அதன் தலைப்புக் குறிப்பும்

கிராமக் கணக்குகளில் பழகியோர் யாவரும் அறிந்ததொன்றுண்டு. அடங்கலில் எழுதியுள்ள எண்கள் சரியாகவே இருப்பினும், பத்தியின் தலைப்புக் கிழிந்து போயிருக்குமாயின் அவ்வெண்கள் ஒன்றுக்கும் உதவா. மழைக்கும் இது பொருந்தும். ஒரு நாளைய மழை 4.32 மில்லிமீட்டர் எனின் புழுதி அடங்கும், அவ்வளவே, 4.32 அங்குலம் எனின் வரப்புகள் உடையும். எண் ஒன்றே, அளவுதான் வேறு.

வருங்காலத்து மழையையும் உஷ்ணத்தையும் கணிப்பொறிகளின் உதவியால் மதிப்பிடும் பணி பல தேசங்களில் நடைபெற்று வருகின்றது. அவ்வாறு கணிக்கும் நிலையங்களின் முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் சர்வதேசத் திட்டம் 1995-ல் தொடங்கிற்று. அதன் ஆறாவது சுற்றில் பூனா நகரத்து வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சிக் கழகமும் தன் கணக்குகளை அளித்துள்ளது. ஒவ்வொரு நிலையமும் தன் மனம்போல் எண்களைக் குறித்து வைத்தால் ஒப்பிடுதல் இயலாது. ஆதலின் இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஒன்று, அமெரிக்காவில் போல்டர் நகரிலுள்ள யூனிடேட்டா என்னும் நிலையத்தார் 1980களின் இறுதியில் வகுத்த நெட்ஸிடிஎப் என்னும் கோப்பு முறை. எண்களையும் அவற்றைப் பற்றிய குறிப்புகளையும் ஒரே ஏட்டில் பிரியாமல் வைப்பதே அதன் சிறப்பு. ஆயின் அது தலைப்புக்கு இடம் விடுமேயன்றி, இன்னது எழுத வேண்டுமென்று வற்புறுத்தாது. அதனை வரையறுப்பவை 2003-ல் முதற்பதிப்பாக வெளிவந்த ஸி.எப். விதிகள். பொருளின் பெயர், அளவு, காலம், இடம் ஆகியவற்றை எவ்வாறு குறிக்க வேண்டுமென்பதை அவை கூறுகின்றன.

இக்கோப்புகளில் மழை, சதுர மீட்டருக்கு விநாடிக்கு இத்தனை கிலோகிராம் என்ற கணக்கில் இருக்கும். விவசாயிக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் மாற்றுவது எளிது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு கிலோகிராம் நீர் பரவினால் அதன் ஆழம் ஒரு மில்லிமீட்டர். நாளொன்றுக்கு 86,400 விநாடி. ஆகவே கோப்பில் 0.00005 என்றிருப்பது நாளொன்றுக்கு 4.32 மில்லிமீட்டர் ஆகும்.

இதனினும் நுட்பமானது நாட்காட்டி. பிரிட்டிஷ் ஹாட்லி நிலையத்தின் கணக்குகள் பலவற்றில் எல்லா மாதங்களுக்கும் முப்பது நாட்களே. ஆண்டுக்கு 360 நாள். பிப்ரவரிக்குக்கூட 30-ஆம் தேதி உண்டு! வேறு சில நிலையத்தார் லீப் வருஷத்தை நீக்கி 365 நாட்களையே கொள்வர். கணக்குக்கு வசதியாக இவ்வாறு செய்வதில் குற்றமில்லை. எந்த நாட்காட்டி என்பதைக் கோப்பில் குறித்தல் அவசியம். அக்குறிப்பைப் பாராமல், 360 நாள் ஆண்டின் நாட்களைச் சாதாரண ஆண்டின் நாட்களாக எண்ணிக்கொண்டே போனால், ஆண்டுக்கு ஐந்தேகால் நாளாகப் பிசகி, ஆறாண்டில் ஒரு மாதம் முந்திவிடும். ஐப்பசி மழை புரட்டாசியிலேயே பெய்துவிடுவதாகத் தோன்றும். அதனை நம்பி நாற்றங்காலை முன்கூட்டி விடுகிறவர் அடையக்கூடிய நஷ்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பருவமழையின் மொத்தத்திலும் வித்தியாசம் வரும்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு 92 நாள், அந்நாட்காட்டியில் 90. மேற்கூறிய 4.32 வீதத்தில் ஒன்று 397 மில்லிமீட்டர், மற்றது 389.

நாளின் எல்லையும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டு மழைமானி நிலையங்களில் காலை 8.30 மணிக்கு அளந்து, முந்திய 24 மணி நேரத்து மழையை அன்றைய தேதியில் எழுதுவர். மாதிரிக் கணக்குகளிலோ நாள் பெரும்பாலும் கிரீன்விச் நள்ளிரவில், அதாவது இங்கே காலை 5.30 மணிக்குத் தொடங்கும். எனவே கோப்பில் நவம்பர் 9 என்றுள்ள மழையைத் தாலுகா ஏட்டில் 10-ஆம் தேதியில் தேட வேண்டும். நாளின் தொடக்கமும் முடிவும் கோப்பிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டுமென்பது இதனாலேதான்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். இக்கணக்குகளில் பூமி கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. பக்கம் சுமார் 100 கிலோமீட்டருள்ள கட்டமொன்று பழைய தஞ்சாவூர் ஜில்லாவை ஏறக்குறைய அடக்கிவிடும். அதற்குரிய எண் கட்டம் முழுவதற்கும் சராசரியேயன்றி, எந்த ஊர் மழைமானியின் அளவும் அன்று. கோயம்புத்தூர்ச் சமவெளியும் உதகமண்டலமும் ஒரே கட்டத்தில் அமைந்தால், அச்சராசரி இரண்டிற்கும் பொருந்தாது. அது சராசரியா, உச்ச அளவா, மொத்தமா என்பதையும் விதிப்படி குறித்தாக வேண்டும். ஆகவே, "உங்கள் ஜில்லாவில் மழை இவ்வளவு குறையும்" என்று எவரேனும் அட்டவணை காட்டினால், அளவு, நாட்காட்டி, கட்டம் மூன்றையும் கேட்டறிந்த பின்னரே கிணறு வெட்டவோ விதையை மாற்றவோ யோசித்தல் நலம்.

கேட்டால் விடை கிடைக்கவும் இடமுண்டு. கோப்பில் வரலாறு என்றொரு பகுதி இருக்கிறது. எந்த நாளில் எந்த எண்ணை எவ்வாறு மாற்றினர் என்பது அதில் வரிவரியாக ஏறும். அடங்கலில் அடித்துத் திருத்திய இடத்தில் கையொப்பமும் தேதியும் இடுவதைப் போன்றதே இது. பிசகு நேர்ந்திருப்பின், அது எந்தப் படியில் புகுந்தது என்பதைப் பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிக்கலாம்.