காசில்லாமல் கைவேலை! ஓலைப் பெட்டியில் மிதக்கிறார் மோசே

குடுமியான்மலைக்குப் போகிறவர்கள் அங்குள்ள இசைக் கல்வெட்டைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். பாறையில் வரிசை வரிசையாக ஸ்வரங்கள்! 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பலரும் சொல்கிறார்கள். அதன் முடிவில் ஒரு குறிப்பு உண்டு. ருத்ராசாரியாரின் சீடரான ஒரு மன்னர் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தாராம்.

ஆக, அந்தப் பாறை ஒரு பாடப் புத்தகம். ஊரில் கிடைப்பதை வைத்துப் பாடம் நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இது ஞாயிறுதோறும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லும் சண்டே ஸ்கூல் டீச்சர்களுக்கும் பொருந்தும். கதையோடு கைவேலையும் இருந்தால்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும். ஆனால் கைவேலை என்றதும் சார்ட், கலர் பேப்பர், ஜிகினா என்று பட்டியல் நீளுகிறது. "அடுத்த வாரம் எல்லாரும் வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். வாங்க முடியாத பிள்ளை என்ன செய்யும்? அடுத்த வாரம் வயிற்று வலி என்று வீட்டிலேயே படுத்துக்கொள்ளும்!

ஏழைப் பிள்ளைகளுக்காக

அந்தப் பிள்ளைக்காகத்தான் சண்டே ஸ்கூலே வந்தது. 1780-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் இதற்கு வழி காட்டியவர் ராபர்ட் ரெய்க்ஸ். அவர் ஒரு பத்திரிகைக்காரர்! வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைச் சிறுவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அன்று அவர்களுக்கு எழுத்தும் வேதமும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார்.

கையால் கற்பதற்கு நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். மணலுக்கு விலை ஏது?

பனை இருக்கப் பயமேன்?

புதுக்கோட்டைச் சீமையில் பனைக்குப் பஞ்சமில்லை. மோசே கதைக்கு அதுவே போதும். குழந்தையைக் காப்பாற்ற, தாய் நாணல் பெட்டிக்குக் கீல் பூசி, பிள்ளையை வைத்து ஆற்றோரம் விட்டாள் அல்லவா?

காய்ந்த ஓலையின் ஈர்க்கை நீக்கிவிட்டு, தண்ணீரில் ஊறவைத்தால் வளைந்து கொடுக்கும். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இரண்டு சின்னப் பெட்டி செய்யுங்கள். ஒன்றுக்கு மட்டும் உருக்கிய மெழுகைப் பூசுங்கள். மெழுகு உருக்கும் வேலை டீச்சருடையது. பிள்ளைகள் அடுப்புப் பக்கம் வரக்கூடாது.

இரண்டிலும் ஒரு துணிப் பொம்மையை வைத்து வாளித் தண்ணீரில் விடுங்கள். மெழுகில்லாத பெட்டியில் பொம்மை நனைந்துவிடும். தாய் ஏன் கீல் பூசினாள் என்பதை இனி யாரும் விளக்க வேண்டாம்!

தாவீது கதைக்கு ஆளுக்கு 5 கூழாங்கல். ஒவ்வொரு கல்லிலும் தனக்குள்ள பயத்தைச் சாக்பீஸால் எழுதட்டும். இருட்டு, தெருநாய், கணக்குப் பரீட்சை... கோலியாத்து யார் என்று அவர்களுக்கே புரியும்.

ஒரு எச்சரிக்கை. பின்னல் கோணலாக இருந்தால் டீச்சர் பிடுங்கிச் சரி செய்யக்கூடாது. கண்காட்சிக்கு வைக்கவா செய்கிறோம்? பிள்ளை "இது நான் செஞ்சது" என்று வீட்டில் காட்டினால் போதும்.

பையன் கையில் இருந்தது

கடைசியாக, ஐந்து அப்பம், இரண்டு மீன் கதை. கண்மாய்க் களிமண்ணில் அவற்றை உருட்டிச் செய்யலாம். முடிந்ததும் ஒரு படி வறுத்த கடலையை எல்லாருக்கும் பங்கு போடுங்கள். பங்கு போடுவதுதான் பாடம்.

அந்தக் கதையில் சீடர் ஒருவர் கணக்குப் போட்டார்: இருநூறு பணத்துக்கு அப்பம் வாங்கினாலும் பத்தாது என்று. கூட்டத்தில் இருந்த பையனை யாரும் கடைக்கு அனுப்பவில்லை. அவன் கையில் இருந்ததே போதுமானதாக ஆனது.

அடுத்த ஞாயிறு பட்டியல் எழுதப் பேனாவை எடுக்கும் டீச்சர்கள் அந்தப் பையனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் நல்லது. வயிற்று வலிக்காரப் பிள்ளையும் வகுப்புக்கு ஓடி வரும்!