தூக்கினால் முயல் ஏன் உதைக்கிறது?

சின்சில்லா ஆண்டிஸ் மலைக் குளிரில் வாழும் பிராணி. எங்கள் ஊரான எழுமலையின் வெயிலை அது தாங்காது. 30 டிகிரியே அதன் உயிருக்கு ஆபத்து. அதே சாம்பல் நிற மென்முடி கொண்ட சோவியத் சின்சில்லா முயல் நாம் வளர்க்க ஓரளவு தோதானது. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறி, கம்பளி ஆராய்ச்சி மையத்தில் இந்த இனத்தை வளர்க்கிறார்கள். எழுமலையில் வளர்க்க நிழலும் காற்றோட்டமும் உள்ள கூண்டு கட்டாயம்.

வளர்க்கும் முயலைத் தூக்குவதில் கவனம் வேண்டும். முயலுக்குப் பருந்து மேலிருந்துதான் வரும். நம் கையும் மேலிருந்து வந்தால் அது மிரண்டு உதைக்கும். பின்னங்கால் தசைகள் வலுவானவை, எலும்போ லேசானது. அந்த உதையின் வேகத்திலேயே முதுகெலும்பு முறிந்துவிடலாம். அதனால் காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை மார்புக்குக் கீழே, மறு கை பின்புறத்துக்குக் கீழே, உடல் நம் நெஞ்சோடு அணைந்திருக்க வேண்டும்.

பழக்குவதைத் தரையில் உட்கார்ந்து தொடங்குங்கள். முயலுக்குத் தன் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. முயல்மசால் தீவனத் தழையைச் சற்றுப் பக்கவாட்டில் நீட்டுங்கள். அதுவாக வந்து தின்னட்டும், பிறகு நெற்றியை வருடலாம். பிறந்த முதல் வாரத்தில், பால் குடிக்கும் நேரத்தையொட்டி மனிதக் கை பட்ட குட்டிகள் பின்னாளில் நம்மைக் கண்டு குறைவாகவே அஞ்சும். வெயில் ஏறுமுன் காலையில் பழக்குவது நல்லது.