நெஞ்சில் சிக்கும் சோறு... வாய் மூடிய 'பிரேக்' மரபணு!

சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளின் வாசலைத் தாண்டி ஒரு தீக்குச்சிகூட உள்ளே போகக் கூடாது. பீடி, சிகரெட், லைட்டர், செல்போன் எல்லாவற்றுக்கும் தடைதான். மருந்து இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும் என்பது அந்த ஊர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் வெற்றிலை பாக்குக்கும், கன்னத்தில் அதக்கும் புகையிலைக்கும் நெருப்பு வேண்டியதில்லை. மடியில் செருகிய சுருக்குப் பைக்குள் அடங்கிவிடும். அது வெடிக்காது. தொண்டைக்குக் கீழே சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்க்கும்.

*25 செ.மீ. குழாய்*

தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 செ.மீ. இந்தியாவில் இங்கே வரும் புற்றுநோயில் பெரும்பகுதி, குழாயின் உட்சுவரில் இருக்கும் தட்டையான செல்களில் தொடங்குகிறது. புகையிலை, பாக்கு, மது மூன்றும் முக்கியக் காரணங்கள்.

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணிதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்தது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்களும் உணவுக்குழாய் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2016-ல் எச்சரித்தது. குற்றம் டீயில் இல்லை, சூட்டில்தான். கொதிக்கக் கொதிக்க வாங்கிய டீயை ஆற்றிக் குடித்தால் போதும்.

*எழுத்து அப்படியே... மேலே ஸ்டிக்கர்!*

சரி, இவை செல்லுக்குள் என்ன செய்கின்றன? சிவகாசிக்காரர்களுக்குப் பழகிய அச்சகத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

காலண்டரில் ஒரு தேதி தப்பாக அச்சானால் அது எழுத்துப் பிழை. மரபணுவிலும் இப்படிப் பிழை விழும், புற்றுநோய் வரும். ஆனால் இன்னொரு வழியும் உண்டு. எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கும். அதன் மேல் யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். படிக்க முடியாது. டி.என்.ஏ-வில் அந்த ஸ்டிக்கரின் பெயர் 'மெத்தில்'. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் கொண்ட சின்னஞ்சிறு வேதித் துணுக்கு.

இது இயல்பாகவே உடலில் நடப்பதுதான். எந்தெந்த மரபணு எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதை உடல் இப்படியும் கட்டுப்படுத்துகிறது. வேண்டாத இடத்தில் ஒட்டிக்கொண்டால்தான் வினை. 'பி16' என்ற புரதம், செல் கண்டபடி பெருகாமல் பிரேக் போடுவது. அதை உருவாக்கும் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குவிந்தால் மரபணு மவுனமாகிவிடும். பிரேக் பிடிக்காது. உணவுக்குழாய் புற்றுக் கட்டிகள் பலவற்றில் இப்படி மவுனமான பி16-ஐ ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். செல் இரண்டாகும்போது ஸ்டிக்கரும் சேர்ந்தே பிரதி எடுக்கப்படுவதுதான் இதில் சிக்கல்.

*உரிக்க முடியுமா?*

எழுத்துப் பிழையைத் திருத்துவது கடினம். ஸ்டிக்கரை உரிக்க வழியிருக்கிறது. அப்படிச் செயல்படும் அசாசைட்டிடின் என்ற மருந்துக்கு, ஒரு வகை ரத்த நோய்க்காக அமெரிக்கா 2004-ல் அனுமதி தந்தது. உணவுக்குழாய் புற்றில் இந்த வகை மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

ஆனால் பழக்கத்தை விடுவதற்கு ஆராய்ச்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏறத்தாழ 16,000 பேரின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, புகைப்பவர்களின் டி.என்.ஏ-வில் மெத்தில் குறிகள் பல இடங்களில் மாறியிருப்பதைக் கண்டது. புகைப்பதை விட்டவர்களிடம் அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை 5 ஆண்டுகளுக்குள் சரியாகியிருந்தன. சில மட்டும் 30 ஆண்டுகளானாலும் மறையவில்லை. எவ்வளவு சீக்கிரம் விடுகிறோமோ அவ்வளவு நல்லது.

*புரோட்டா தரும் சிக்னல்*

உணவுக்குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும். அதனால் கட்டி ஓரளவு வளர்ந்து வழியை அடைத்த பிறகே தொந்தரவு தெரியும். மொறுமொறுவென்ற விருதுநகர் எண்ணெய் புரோட்டாவை விரும்பிச் சாப்பிட்டவர், இப்போது சால்னாவில் ஊறவைத்தால்தான் இறங்குகிறது என்கிறாரா? சோற்றுக்கு நடுநடுவே தண்ணீர் குடித்துத் தள்ளுகிறாரா? பிறகு கஞ்சி மட்டும் போதும் என்கிறாரா? எடை குறைகிறதா, குரல் கம்முகிறதா? "வாயுத் தொல்லை" என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தக் கூடாது.

எண்டோஸ்கோபி சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை. சந்தேகமான இடத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். விருதுநகரில் 2022 ஜனவரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையும் அருகில்தான். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு.

புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம். வீட்டில் தாத்தாவோ அப்பத்தாவோ வெற்றிலைப் பெட்டியோடு இருந்தால், அந்த எண்ணை நீங்களே போட்டுக் கொடுங்கள்.