பெயர் பெற்ற சர்வரா, பொருத்திய சர்வரா?

சர்வர் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருபவர் ஓட்டலில் இட்லியும் சாம்பாரும் பரிமாறுகின்றவரே. வங்கியில் "சர்வர் வேலை செய்யவில்லை" என்று கூறி நம்மைத் திருப்பி அனுப்பும்போது சொல்லப்படுவது வேறொன்று. ஆயினும் தொழில் ஒன்றுதான். பல மேசைகளிலுள்ள கணிப்பொறிகள் கேட்பதையெல்லாம் இரவு பகல் பாராமல் எடுத்துக் கொடுப்பதே அதன் வேலை. ஒரு ஜவுளிக்கடையில் பத்து இடங்களில் பில் போட்டாலும், சரக்குக் கையிருப்பும் கணக்கும் பெரும்பாலும் இந்த ஓர் இயந்திரத்தில்தான் இருக்கும். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மாலை அது நின்றுவிட்டால் கடைக்காரர் கதி என்னாகும்?

இந்த இயந்திரத்தை இரு வழிகளில் வாங்கலாம். டெல், ஹியூலெட் பேக்கார்ட் எண்டர்பிரைஸ், 2014இல் ஐ.பி.எம்.மின் இவ்வகை சர்வர் வியாபாரத்தை வாங்கிய லெனோவோ போன்ற பெயர் பெற்ற நிறுவனங்களிடம் வாங்குவது ஒன்று. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பாகங்களை வாங்கி, தெரிந்தவரிடம் கொடுத்துப் பொருத்திக் கொள்வது மற்றொன்று. இதைத்தான் அசெம்பிள்டு என்கிறார்கள். ஆயத்த ஆடைக்கும் தையற்காரர் தைத்த ஆடைக்கும் துணி ஒரே ஆலையிலிருந்து வருவதுபோல், இரண்டிற்குள்ளும் இருக்கும் மூளை பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. செய்ததே.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று முன்பே சோதித்திருப்பார்கள். சர்வர் அணைந்து கிடந்தாலும் தொலைவிலிருந்தே அதை எழுப்பவும் நோய் அறியவும், உள்ளே தனியாக ஒரு குட்டிக் கணிப்பொறி இருக்கும். இவை நல்லவைதாம். ஆனால் பணத்தின் பெரும்பயன் சேவை ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். அதையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். "அடுத்த வேலை நாள்" என்று எழுதியிருந்தால், சனிக்கிழமை மாலை நின்ற சர்வருக்குத் திங்கட்கிழமைதான் ஆள் வருவார். நான்கு மணி நேரத்தில் வரும் ஒப்பந்தத்திற்கு விலை அதிகம். அதுவும் எல்லா ஊர்களுக்கும் கிடைப்பதில்லை.

கணக்குப் பாடம் இங்கே உதவுகிறது. ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் ஓடிய சர்வர் நின்றது ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம். 99 விழுக்காடு என்றாலோ மூன்றரை நாட்களுக்கும் மேல்!

பெயருக்குப் பின்னே ஒரு கட்டும் உண்டு. 2014 பிப்ரவரியில் எச்.பி. நிறுவனம், உத்தரவாதமோ ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கே தன் புரோலயன்ட் சர்வர்களின் உள்மென்பொருள் திருத்தங்கள் பலவற்றைத் தருவதென முடிவு செய்தது. மின்வழங்கும் பெட்டி போன்ற பாகங்களும் சில சர்வர்களில் அந்தந்த நிறுவனத்திற்கே உரிய வடிவில் இருக்கும். பழுதானால் வெளியே வாங்கிப் போட இயலாது.

மலிவான பாகங்களைக் கொண்டே பெரியவரானவர்களும் இருக்கிறார்கள். 1999இல் கூகுள் நிறுவனத்தார் ஒரே தட்டில் நான்கு கணிப்பொறிப் பலகைகளைப் பரப்பி, மின்சாரம் கசியாதிருக்கக் கீழே கார்க் தகடு வைத்துத் தாமே சர்வர்கள் செய்தனர். அவற்றுள் ஒன்று இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்ப்பதற்குக் கம்பிகள் தொங்கும் பழைய சாமான் போலத்தான் தோன்றும்! சில இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகும் என்று அவர்கள் முன்பே எதிர்பார்த்தனர். 2003இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி ஒவ்வொரு தகவல் துண்டும் வழக்கமாக மூன்று இடங்களில் வைக்கப்பட்டது. ஒன்று போனால் மற்றது பேசும். ஒரே ஒரு சர்வர் வைத்திருக்கும் கடைக்காரர் இதைப் பார்த்து மலிவானதை வாங்கினால் அந்த வித்தையில் பாதிதான் அவருக்குக் கிடைக்கும்.

ஆகவே பொருத்திய சர்வர் வாங்குவோர், மிச்சமாகும் பணத்தில் மாற்று மின்பெட்டியும் மாற்று வட்டும், முடிந்தால் இரண்டாவது இயந்திரமே கூட, வாங்கி அலமாரியில் வைக்க வேண்டும். கழற்றி மாட்டத் தெரிந்தவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அவர் ஊர் மாறிப் போனால் யார் என்பதையும் அன்றே கேட்டுவிடுவது நல்லது. அப்படி ஒருவர் இல்லாத மருந்துக்கடைக்கோ சிறிய மருத்துவமனைக்கோ பெயர் பெற்றதே மேல் என்போம்.

எதை வாங்கினாலும் தவறு திருத்தும் நினைவகத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரையில், ஆண்டொன்றுக்கு 8 விழுக்காட்டிற்கும் மேலான நினைவகத் துண்டுகளில் பிழை கண்டதாகக் கூறப்பட்டுள்ளது. சாதாரண நினைவகத்தில் அப்பிழை ஒருவருக்கும் தெரியாமல் கணக்கில் ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் போகலாம். அதற்கு எந்த நிறுவனத்தாரும் ஆள் அனுப்புவதில்லை. அந்நாளில் கை கொடுப்பது, முந்தின இரவு நகல் எடுத்து வேறு கட்டடத்தில் பூட்டி வைத்த வட்டுதான்.