ஒரு வெற்று வரி செய்த வேலை

சென்ற தீபாவளிக்கு ஊர் திரும்ப எங்கள் கழகம் பேருந்து ஏற்பாடு செய்தது. பதிந்தவர்கள் 86 பேர். அவர்களின் மெட்ரிக் எண்கள் ஒரு கோப்பில். பணம் கட்டியவர்களின் எண்கள் இன்னொரு கோப்பில்.

"யாரெல்லாம் இன்னும் கட்டவில்லை, தம்பி?" என்று பொருளாளர் அக்கா கேட்டார். கணினித்துறை மாணவன் என்ற மிடுக்கில் கிரெப் கட்டளையைத் தட்டினேன். திரையில் ஓர் எண்ணும் வரவில்லை. "எல்லாரும் கட்டிவிட்டார்கள், அக்கா" என்றேன். பேருந்துக்காரருக்குப் பணம் கொடுக்கும் நாளில் 270 ரிங்கிட் குறைந்தது. அக்காதான் தம் கைப்பணத்தைப் போட்டுச் சமாளித்தார்.

நடந்தது என்ன?

கிரெப் என்பது கோப்புகளுக்குள் சொற்களைத் தேடித் தரும் கட்டளை. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் எழுதியது. 1973-இல் யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் இடம்பெற்றது. அது கோப்பை வரி வரியாகப் படிக்கும். வரிமுடிவுக் குறியைக் கழற்றிவிட்டு, மீதியைத்தான் ஒப்பிடும். ஆகவே, இரண்டு வரிகளில் பிரிந்து கிடக்கும் சொற்றொடர் அதன் கண்ணில் படாது. நாம் தேடச் சொல்லும் வடிவத்துக்குள் வரிமுடிவு வந்தால், அந்த இடத்தில் வெட்டி, 'இதுவோ அதுவோ' என இரண்டு வடிவங்களாகத் தேடும்.

வடிவம் வெறுமையாக இருந்தால்? எதையும் கேட்காத வடிவத்துக்கு எல்லா வரியும் பொருந்திவிடும்.

நான் 'எஃப்' தெரிவின் மூலம், பணம் கட்டியவர்களின் கோப்பையே தேடுவடிவங்களாகக் கொடுத்திருந்தேன். அதன் கடைசியில் 'என்டர்' விசையை ஒருமுறை கூடுதலாகத் தட்டியிருக்கிறேன். அந்த வெற்று வரியும் ஒரு வடிவமாயிற்று; 86 எண்களும் அதற்குப் பொருந்தின. பொருந்தாதவற்றை மட்டும் காட்டும் 'வி' தெரிவுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

நண்பர்களே, லினக்ஸில் நீங்களே சோதித்துப் பாருங்கள். 0 பைட் கோப்பைக் கொடுத்தால் வடிவமே இல்லை. ஒரு வரியும் பொருந்தாது. ஒரே ஒரு வரிமுடிவு உள்ள 1 பைட் கோப்பைக் கொடுத்தால் எல்லா வரியும் பொருந்தும். ஒரு பைட்டில் தலைகீழ்!

மருந்து எளிது. 'எக்ஸ்' தெரிவைச் சேர்த்தால் முழு வரியும் பொருந்த வேண்டும். வெற்று வடிவம் வெற்று வரியை மட்டுமே பிடிக்கும். அல்லது, ஒரு புள்ளியைத் தேடுவடிவமாகக் கொடுத்து, ஓரெழுத்தாவது உள்ள வரிகளை முதலில் பிரித்தெடுக்கலாம்.

விடுபட்ட ஒன்பது பேரும் பிறகு கட்டிவிட்டார்கள். அக்காவின் பணம் திரும்பியது. 86-இலிருந்து 77-ஐக் கழித்துப் பார்த்திருந்தாலே அன்று பிழை தெரிந்திருக்கும். அந்தக் கணக்கைத் தமிழ்ப்பள்ளியிலேயே படித்துவிட்டேன்!