வீட்டு அருகலைக்குப் புதுத்தரம் வேண்டுமா?

கம்பியின் துணையின்றிச் செய்தி செல்லும் வியப்பை மார்க்கோனியின் காலத்தில் உலகம் கண்டது. இன்று அவ்வியப்பு ஒவ்வோர் இல்லத்தின் கூடத்திலும் ஒரு சிறு பெட்டியாக அமர்ந்திருக்கிறது. மக்கள் அதனை ரௌட்டர் என்பர். நூல் வழக்கில் அது திசைவி எனப்படும். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உள்ள கடைகளில் ‘வைஃபை 6’, ‘வைஃபை 7’ என்னும் எண்கள் பொறித்த புதிய ரௌட்டர்கள் விற்பனைக்கு அடுக்கப்பட்டுள்ளன. பழையதை நீக்கிப் புதியதை வாங்குவதற்குச் சில நூறு ரிங்கிட் வேண்டும். அச்செலவு தக்கதா என்பது இன்று இல்லறத்தார் பலர் எழுப்பும் வினாவாகும்.

இவ்வினா சிறியதெனத் தோன்றலாம். ஆயினும் இதன் விளைவு சிறியதன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், வகுப்பறை வீட்டுக்குள் குடிபுகுந்தது. ஆசிரியர் தம் வீட்டுக் கூடத்திலிருந்து கற்பிக்க, பிள்ளைகள் தத்தம் வீட்டுப் பின்னறைகளிலிருந்து கேட்டனர். அலை அறுந்தபோது பாடமும் அறுந்தது. அத்தகைய இடர்ப்பாடு நேரும் இல்லங்களில், ‘புதுப்பெட்டி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்னும் எண்ணம் எழுவது இயல்பே. அவ்வெண்ணம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது ஆராயத்தக்கது.

சொல்லும் பொருளும்

வைஃபை என்பது ஏதோ ஒரு நீண்ட தொடரின் சுருக்கம் என்று பலர் கருதுவர். அது சரியன்று. 1999-ஆம் ஆண்டில் இன்டர்பிராண்ட் என்னும் பெயர் புனையும் நிறுவனம் வணிகத்தின் பொருட்டு ஆக்கித் தந்த பெயர் அது. தமிழிலோ இதற்கு ‘அருகலை’ என்னும் சொல் அமைந்துள்ளது. அருகு என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட, நின்ற மெய்மேல் அலை என்பதன் முதலுயிர் ஏறி அருகலை ஆயிற்று. அருகில் மட்டும் ஆற்றலுடன் விளங்கும் அலை என்பது இதன் பொருள். ஆங்கிலப் பெயர் பொருளேதும் உணர்த்தாது நிற்க, தமிழ்ச்சொல் இப்பொருளின் தலையாய இயல்பையே உணர்த்தி நிற்கிறது. புதுத்தரம் வேண்டுமா என்னும் வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

எண்கள் வளர்ந்த வரலாறு

அருகலைக்குரிய முதல் தரம் 802.11 என்னும் எண்ணுடன் 1997-இல் வெளிவந்தது. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் அது 11 மெகாபிட் ஆயிற்று. 2003-இல் 54 ஆயிற்று. 2009-இல் வந்த தரம் 600 மெகாபிட் வரை எட்டியது. 2013-இல் அடுத்த தரம் வெளிவந்தது. எண்ணும் எழுத்தும் கலந்த இப்பெயர்கள் பொதுமக்களைக் குழப்பியமையால், 2018 அக்டோபரில் வைஃபை கூட்டமைப்பு எளிய பெயர்முறையை அறிவித்தது. 2009-இன் தரம் வைஃபை 4 என்றும், 2013-இன் தரம் வைஃபை 5 என்றும், அடுத்து வருவது வைஃபை 6 என்றும் பெயர் பெற்றன. வைஃபை 6 பெட்டிகளுக்குச் சான்றளித்தல் 2019-இல் தொடங்கியது. வைஃபை 7-க்கு 2024 ஜனவரியில் தொடங்கியது.

கரும்பலகை உவமை

இத்தரங்கள் வேகத்தை எவ்வாறு கூட்டின என்பதனை வகுப்பறைக் கரும்பலகையைக் கொண்டு விளக்கலாம். ஒரு பலகையில் மிகுதியாக எழுத வேண்டுமாயின் மூன்று வழிகள் உண்டு. பலகையை அகலமாக்கலாம், எழுத்தைச் சிறிதாக்கலாம், ஒருவர்பின் ஒருவராக எழுதாமல், பலகையைப் பத்திகளாகப் பிரித்துப் பலர் ஒரே நேரத்தில் எழுதலாம்.

புதுத்தரங்கள் இம்மூன்றையும் செய்தன. பலகையின் அகலம் எனத்தக்க அலைத்தடம் வைஃபை 4-இல் 40 மெகாஹெர்ட்ஸ் வரையும், வைஃபை 5-இலும் 6-இலும் 160 வரையும், வைஃபை 7-இல் 320 வரையும் விரிந்தது. எழுத்தின் நுண்மையும் மிகுந்தது. அலையின் ஒரு குறியீடு வைஃபை 5-இல் 8 பிட் வரை சுமந்தது. வைஃபை 6-இல் 10, வைஃபை 7-இல் 12 பிட் வரை சுமக்கிறது. பலகையைப் பத்திகளாகப் பிரித்துப் பல கருவிகளுக்கு ஒருங்கே பங்கிடும் முறை வைஃபை 6-இல் புகுந்தது. இரண்டு பலகைகளில் ஒரே நேரத்தில் எழுதுவது போன்ற முறையை வைஃபை 7 சேர்த்தது.

இங்கே ஆசிரியர் எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. மிகச் சிறிதாக எழுதினால் முன்வரிசை மாணவனே படிக்க இயலும்; கடைசி வரிசையில் இருப்பவனுக்கு அது வெறும் வெள்ளைக் கீறலாகவே தோன்றும். அருகலையும் அத்தகையதே. கருவி ரௌட்டருக்கு அருகில் இருக்கும்போதுதான் நுண்ணெழுத்து பயன் தரும். தொலைவு கூடினாலோ சுவர் குறுக்கிட்டாலோ, பெட்டி தானாகவே பெரிய எழுத்துக்குத் திரும்பிவிடும். அந்நிலையில் வைஃபை 7-க்கும் வைஃபை 5-க்கும் உள்ள வேறுபாடு பெரிதும் சுருங்கிவிடுகிறது.

மதகும் வாய்க்காலும்

வீட்டுக்குள் பாயும் வேகத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பே எல்லை. 2010 மார்ச்சில் டெலிகோம் மலேசியா தன் யூனிஃபை ஒளியிழைச் சேவையை ஷா ஆலம், சுபாங் ஜெயா, பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஆகிய இடங்களில் தொடங்கியபோது, இல்லங்களுக்குரிய திட்டங்கள் நொடிக்கு 5, 10, 20 மெகாபிட் என்னும் அளவினவாக இருந்தன. இன்று 100, 300, 500 மெகாபிட் திட்டங்களும், ஒரு கிகாபிட்டும் அதற்கு மேலும் தரும் திட்டங்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் கிடைக்கின்றன.

சாதாரணக் கைப்பேசி ஒன்றில் இரண்டு அலைவாங்கிகள் உள்ளன. 80 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் அது வைஃபை 5 வழியாக 867 மெகாபிட் வரையும், வைஃபை 6 வழியாக 1,201 மெகாபிட் வரையும் இணையும். இவை ஏட்டளவு எண்கள். முறை காத்தல், பிழை திருத்தல் முதலியவற்றுக்கான நேரம் போக, ஏறத்தாழ அறுபது விழுக்காடே நடைமுறையில் எஞ்சும். அதன்படி முன்னது ஏறக்குறைய 520, பின்னது ஏறக்குறைய 720 மெகாபிட் தரும். 300 மெகாபிட் திட்டம் உள்ள வீட்டில், ஒரே அறைக்குள் இவ்விரண்டும் தருவது அந்த 300-ஐ மட்டுமே. மதகு திறந்துவிடும் நீர் அவ்வளவே. வாய்க்காலை அகலப்படுத்துவதனால் நீர் பெருகாது.

குடும்பத்தின் தேவையும் எண்ணத்தக்கது. காணொளி வகுப்பு ஒன்றுக்கு நான்கு மெகாபிட் போதும். உயர்தெளிவுத் திரைப்படத்துக்கு ஐந்து அளவும், 4கே படத்துக்கு இருபத்தைந்து அளவும் போதும். மூன்று பிள்ளைகள் பாடம் கேட்க, மற்றொருவர் 4கே படம் பார்த்தாலும், மொத்தத் தேவை ஐம்பதைத் தாண்டாது. எனவே பாடம் அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகக் குறைவன்று. அலை உரிய இடத்தை வலுவுடன் சென்று சேராமையே.

பிரிக்பீல்ட்ஸ் மாடியில்

1881-இல் கோலாலம்பூர் தீயினாலும் வெள்ளத்தினாலும் அழிந்தபின், நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்ட முனைந்தனர். அதற்குச் செங்கல் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் அது ரயில்வே ஊழியர் குடியிருப்பாகிப் பல தமிழ்க் குடும்பங்களின் இருப்பிடமாயிற்று. இன்று அவ்வட்டாரத்தில் அடுக்குமாடிகள் ஓங்கி நிற்கின்றன.

அடுக்குமாடியில் அருகலைக்கு நேரும் இடையூறு அயலார் அலைகளே. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 13 தடங்கள் இருப்பினும், ஒன்றன்மேல் ஒன்று படாதவாறு பயன்படுத்தத்தக்கவை 1, 6, 11 என்னும் மூன்றே. பக்கத்து வீடு, மேல்வீடு, கீழ்வீடு என எல்லாரும் அம்மூன்றைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கருவி பேசும்போது அதே தடத்திலுள்ள பிற கருவிகள் காத்திருத்தல் அருகலையின் விதி. எனவே அலைக்குறி முழுமையாகக் காட்டினும் வேகம் குன்றும்.

இத்தகைய இடத்தில் புதுத்தரம் உண்மையாகவே பயன் தரும். ஆயினும் முதற்படி செலவற்றது: வைஃபை 5 பெட்டியிலேயே உள்ள 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குக் கருவிகளை மாற்றுதல். அங்கும் நெரிசல் இருப்பின், 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியைத் திறக்கும் வைஃபை 6ஈ அல்லது வைஃபை 7 பெட்டி ஒதுக்கமான வழி தரும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2022-இல் 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை இதற்குத் திறந்துவிட்டது.

அதன் அளவு 500 மெகாஹெர்ட்ஸ் என்பது கருதத்தக்கது. அமெரிக்காவில் 2020-இல் 1,200 மெகாஹெர்ட்ஸ் திறக்கப்பட்டது. ஆகவே அங்கே வைஃபை 7-இன் 320 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தடங்கள் மூன்று தனித்தனியே அமையும். மலேசியாவில் அத்தகைய தடம் ஒன்றே அமையும். ஓர் அடுக்குமாடியில் பலர் அதனை நாடினால் பழைய நெரிசலே திரும்பும். 160 மெகாஹெர்ட்ஸ் தடங்களாயின் மூன்று அமையும். பெட்டியின் மேலட்டையில் உள்ள பேரெண்ணை நம்பிப் பணம் கொடுப்பவர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

கிள்ளான் வரிசை வீட்டில்

கிள்ளானில் உள்ள தாமான்களின் வரிசை வீடுகளில் நிலை வேறு. இவை அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. ஒளியிழை முன்கூடத்தில் வந்து முடிகிறது. பிள்ளைகள் படிக்கும் அறையோ பின்புறத்திலோ மாடியிலோ உள்ளது. இடையே செங்கற்சுவர்கள் இரண்டு மூன்றும், இரும்புக்கம்பி பாய்ந்த கான்கிரீட் தளமும் நிற்கின்றன.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர்; 6 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலம். அதிர்வெண் உயர உயரச் சுவரை ஊடுருவும் திறன் குறையும். ஆதலின் புதுத்தரத்தின் சிறப்புப் பகுதியாகிய 6 கிகாஹெர்ட்ஸே இவ்வீட்டில் முதலில் தளர்வது. முன்கூடத்தில் விலையுயர்ந்த வைஃபை 7 பெட்டியை வைத்தாலும் பின்னறையின் குறை தீராது.

இவ்வீட்டுக்குரிய மருந்து அண்மையே. கூடத்திலிருந்து பின்னறைக்கோ மாடிக்கோ ஒரு கம்பி இழுத்து, அங்கே இரண்டாவது பெட்டியை அமைத்தல் வேண்டும். பயனின்றிக் கிடக்கும் பழைய ரௌட்டரும் பல வேளைகளில் இதற்கு உதவும். கம்பி இழுக்க இயலாதவர் மெஷ் எனப்படும் இணைபெட்டிகளை நாடலாம். ஆனால் இரு பெட்டிகளும் ஒரே அலைத்தடத்தில் தமக்குள் பேசிக்கொள்வதாயின், செய்தி இருமுறை செல்ல வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். எதையும் வாங்குமுன், தொலைக்காட்சிக்குப் பின்னாலும் காலணிப் பேழைக்குள்ளும் ஒளிந்துள்ள பெட்டியை உயரமான திறந்த இடத்தில் வைத்துப் பார்த்தல் நன்று.

காவல் என்னும் காரணம்

வேகத்தின்பொருட்டு வேண்டாதது காவலின்பொருட்டு வேண்டியதாகலாம். அருகலையில் செல்லும் செய்தியை மறைத்துக் காக்கும் முறை 2004-இல் டபிள்யூபிஏ2 என்னும் பெயருடன் வந்தது; அதில் உள்ள ஒரு குறையை 2017-இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். 2018-இல் டபிள்யூபிஏ3 அறிவிக்கப்பட்டது. ரௌட்டரின் மென்பொருளுக்கு அதனை ஆக்கிய நிறுவனம் திருத்தம் வெளியிடுவதை நிறுத்திவிட்டால், பின்னர் வெளிப்படும் குறைகள் அடைபடா. வங்கிக் கணக்கும் மாணவர் மதிப்பெண்ணும் செல்லும் வழியைக் காவலின்றி விடுதல் தகாது. அத்தகைய பழம்பெட்டியை மாற்றுதல் வீண்செலவன்று.

முடிவு காணும் முறை

ஐயமுள்ளவர் மூன்று அளவைகளை எடுத்துப் பார்க்கலாம். முதலில், கணினியைக் கம்பியால் ரௌட்டருடன் இணைத்து வேகத்தை அளத்தல். இரண்டாவது, கம்பியை நீக்கி அதே இடத்தில் அளத்தல். மூன்றாவது, குறையுள்ள அறையில் அளத்தல். முதல் அளவே குறைந்திருந்தால் குறை இணைப்பிலோ பழைய ரௌட்டரின் கம்பித்துளையிலோ உள்ளது. முதலாவது நிறைந்து இரண்டாவது குறைந்தால், தரமோ நெரிசலோ காரணம். அங்கே வைஃபை 6 பயன் தரும், கைப்பேசியும் கணினியும் அத்தரத்தனவாக இருப்பின். முதலிரண்டும் நிறைந்து மூன்றாவது மட்டும் குறைந்தால், காரணம் சுவரே; அங்கே கம்பியும் இரண்டாவது பெட்டியும் வேண்டும்.

ஒரு கிகாபிட் இணைப்புடன் பல புதுக்கருவிகள் உள்ள இல்லத்துக்கு வைஃபை 6 தக்கது. நெரிசல் மிக்க மாடிக்கு 6 கிகாஹெர்ட்ஸ் தக்கது. இவையல்லாத இல்லங்களில், திருத்தம் பெற்றுவரும் வைஃபை 5 பெட்டி இன்னும் சில காலம் உழைக்கும். அடுத்த தரத்தை வகுக்கும் பொறியியலறிஞர் குழுவும், பெருவேகத்தை விட்டு, மிக்க நம்பகத்தன்மையையே தன் குறிக்கோளாகக் கொண்டுள்ளது. பின்னறையில் அமர்ந்து பாடம் கேட்கும் பிள்ளைக்கு வேண்டுவதும் அதுவே. எண்ணைப் பார்த்து வாங்குவதற்கு முன், அப்பிள்ளை அமரும் இடத்தில் ஒருமுறை அளந்து பார்த்தல் பொருளையும் காக்கும், பாடத்தையும் காக்கும்.