நாயின் இதயப்புழு

பொழுது சாய்ந்ததும் மயிலாப்பூர் வீடுகளில் சன்னல்களை அடைத்துவிடுவர். பக்கிங்காம் கால்வாயிலும் அடையாற்றின் கரைப்பள்ளங்களிலும் தேங்கிய நீரிற் பிறந்த கொசுக்கள் இரை தேடிப் புறப்படும் வேளை அது. மனிதர் வலைக்குள் உறங்குவர். திண்ணையிற் கிடக்கும் நாய்க்கு வலை ஏது? மனிதர்க்கு யானைக்கால் நோயைத் தரும் அதே கொசு, நாய்க்கு இதயப்புழுவைக் கொண்டுசேர்க்கவும் வல்லது. இவ்விரு நோய்களுக்கும் காரணமான நூற்புழுக்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

நோயுற்ற நாயின் குருதியில், கண்ணுக்குப் புலப்படாத புழுக்குஞ்சுகள் நீந்திக்கொண்டிருக்கும். குருதியைக் குடிக்கும் கொசு அவற்றையும் விழுங்குகிறது. சென்னை போன்ற வெப்பமான ஊர்களில், கொசுவின் உடலில் இரண்டு வாரத்திற்குள் அவை வளர்ந்து, அடுத்த நாயைக் கடிக்கும்பொழுது கடிவாய் வழியே உட்புகுகின்றன. பின்னர் ஆறு, ஏழு திங்களில் முழுப் புழுவாகின்றன. பெண்புழு சேமியாவைப்போல் மெலிந்து, மாணவர் கையிலுள்ள அடிக்கோலின் நீளம், அதாவது ஏறக்குறைய 30 செ.மீ. இருக்கும். இதயப்புழு என்னும் பெயர் முற்றும் பொருந்துவதன்று. நுரையீரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்களே அதன் உறைவிடம். தொகை பெருகியபொழுதுதான் அது இதய அறைக்குள் இடம் தேடும்.

நாயோ நெடுநாள் நலமாகவே தோன்றும். பந்தின் பின்னே ஓடியது பாதியில் நின்று இளைக்கும், இருமும், மெலியும், இறுதியில் வயிறு வீங்கும். அந்நிலையில் மருத்துவம் எளிதன்று. ஆர்சனிக் கலந்த மருந்தை ஊசிவழி செலுத்திப் புழுக்களைக் கொல்லலாம். ஆனால், இறந்த புழுக்கள் நுரையீரற் குழாய்களை அடைத்து நாயின் உயிரையே வாங்கிவிடக்கூடும். ஆதலின், அதனைப் பல வாரம் ஓடவிடாமல் கட்டிவைத்துக் காக்கவேண்டும்.

இந்தியாவில் இந்நோய் வடகிழக்கு மாநிலங்களில் மிகுதி. தென்னாட்டில் இதன் உறவான, தோலுக்கடியில் வாழும் மற்றொரு புழுவே பெரிதும் காணப்படுகிறது. அதனையும் கொசுவே பரப்புகிறது. சிற்சில வேளைகளில் அது மனிதர் கண்ணிலும் தோலிலும் புகுந்துவிடுவதுண்டு.

தடுப்பு மருந்தின் வரலாறு சுவையானது. சப்பான் நாட்டு அறிஞர் சத்தோசி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரை, அமெரிக்காவில் வில்லியம் காம்பெல் ஆராய, ஐவர்மெக்டின் பிறந்தது. இருவரும் 2015-ஆம் ஆண்டின் நோபல் பரிசிற் பங்குபெற்றனர். மாத்திரையாகத் திங்கள்தோறும் கொடுக்கப்படும் இம்மருந்து, புழு புகுவதைத் தடுப்பதில்லை. முந்திய திங்களிற் புகுந்த இளம்புழுக்களை அழிக்கிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கொசு ஓய்ந்துவிடும். சென்னைக்கோ மார்கழியும் விலக்கன்று. ஆதலால் ஆண்டு முழுவதும் கொடுத்தல் வேண்டும்.

எனினும், மாட்டுக்கு வாங்கிய மருந்தை மதிப்பாக அளந்து நாய்க்கு ஊட்டுவது பெருங்கேடு. கோலி போன்ற சில இனங்களுக்கு மிகுந்த அளவு நஞ்சாகும். குருதியிற் புழுக்குஞ்சுகள் நிறைந்த நாய்க்கு அவை ஒருங்கே மடிவதால் அதிர்ச்சி நேரலாம். ஆகவே, முதலிற் குருதிச் சோதனை, பிறகே மருந்து. வேப்பேரியில் 1903-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு நகரத்தார் நாய்களைக் கொண்டுவருவது இன்றும் உண்டு. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாயாயின், ஒருமுறை சோதித்தல் போதாது. ஆறு திங்கள் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். வீட்டிற்கு வந்த நாளில் அதன் உடலில் இருந்த இளம்புழு, சோதனையில் அகப்பட அவ்வளவு காலம் ஆகும்.